திருச்சபைப் பணியில் கைப்பேசியும் இணையமும்

முன்னுரை

கோயில் மணி ஒலித்தால் ஊரார் கூடுவர். வழக்கமான நேரத்தில் ஒலித்தால் வழிபாடு. நேரமல்லாத நேரத்தில் விட்டு விட்டு ஒலித்தால் யாரோ ஒருவர் காலமாகிவிட்டார் என்பது பொருள். கிறித்தவச் சிற்றூர்களில் நெடுங்காலம் செய்தி அறிவித்த கருவி அம்மணியே. இன்றோ ஒரே பங்கைச் சேர்ந்த குடும்பத்தில் தந்தை ஊரிலும், மூத்த மகன் திருப்பூரிலும், இளையவன் சென்னையிலும், மகள் துபாயிலும் வாழ்கின்றனர். மணியோசை அத்தனை தொலைவு எட்டாது. இந்த இடைவெளியை நிரப்பவே இணையதளமும் கைப்பேசிச் செயலியும் திருச்சபைக்குள் நுழைந்தன. அவை எவ்வாறு இயங்குகின்றன, எவற்றைச் செய்ய வல்லன, எங்கே நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பழைய உறவு

புதிய கருவிகளைத் திருச்சபை கையாள்வது இன்று நேற்று ஏற்பட்ட பழக்கமன்று. தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடப்பெற்றது. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலை ஆக்கித் தந்தவர் அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார். பின்னர் 1706இல் தரங்கம்பாடி வந்திறங்கிய சீகன்பால்குவின் முயற்சியால் புதிய ஏற்பாடு முழுவதும் 1715க்குள் தமிழில் அச்சேறியது.

அச்சுக்குப் பின் வானொலி வந்தது. வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனியே ஆவார். அது 1931 பிப்ரவரியில் தொடங்கியது. பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து 1969 முதல் ஒலிபரப்பிய வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. அவ்வானொலி 2018 ஆம் ஆண்டின் நடுவில் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. வத்திக்கானின் இணையதளமோ 1995 கிறிஸ்துமசின்போதே திறக்கப்பட்டிருந்தது. ஆகவே ஓலை, அச்சு, வானொலி என்ற வரிசையில் கைப்பேசி அடுத்த படியே எனலாம்.

இணையதளமும் செயலியும்

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். இணையதளம் என்பது கோயில் முற்றத்து அறிவிப்புப் பலகை போன்றது. அது வேறோரிடத்தில் உள்ள வழங்கிக் கணினியில் இருக்கிறது. நாம் நாடிச் சென்று படித்துத் திரும்புகிறோம். செயலி என்பது நம் கைப்பேசிக்குள்ளேயே வந்து தங்கும் நிரல். தனக்கு வேண்டிய தகவலின் ஒரு பகுதியைக் கைப்பேசியிலேயே சேமித்து வைத்துக்கொள்வதால், இணைப்பு இல்லாதபோதும் அது ஓரளவு பயன்படும்.

இவ்வேறுபாட்டின் பயனை விளக்க நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தைச் சேர்ந்த 'லைஃப் சர்ச்' என்னும் சபையில் பணியாற்றிய பாபி குருனவால்டு என்பவர், திருமறை வாசிப்பதற்கென 2007இல் 'யூவெர்ஷன்' என்னும் இணையதளத்தைத் தொடங்கினார். எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் அதனை நாடவில்லை. கைவிட எண்ணிய நிலையில், கைப்பேசியில் படிக்கத்தக்க வடிவம் ஒன்றை அமைத்துப் பார்த்தனர், வாசிப்பு பெருகியது. ஆப்பிள் நிறுவனம் 2008 ஜூலையில் தன் செயலிக் கடையைத் திறந்த நாளிலேயே அவர்களது விவிலியச் செயலியும் அங்கே இலவசமாக வைக்கப்பட்டது. 2021இல் அது 50 கோடி கருவிகளை எட்டியது. மக்கள் படிக்க மறுக்கவில்லை. கைக்கெட்டும் இடத்தில் நூல் இருக்கவேண்டும் என்றே விரும்பினர் என்பது இதனால் பெறப்படும்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு தடையும் இருந்தது. தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறை கொண்டிருந்தது. ஒருவர் அனுப்பிய பாடல் தாள் மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஒருங்குறி முறையில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தபோதிலும், அது கருவிகளில் பரவலாக அமைந்த பின்னரே இத்தடை நீங்கியது. இன்று ஒருங்குறியில் எழுதப்பட்ட மன்றாட்டு, தூத்துக்குடியிலும் டொராண்டோவிலும் ஒரே வடிவில் தோன்றுகிறது.

செயற்படும் முறை

முதலாவது, அறிவிப்பு. "இன்று மாலை ஜெபக் கூட்டம் இல்லை" என்ற செய்தி நூற்றுக்கணக்கான கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் ஒலிப்பது எங்ஙனம்? ஒவ்வொரு செயலியும் ஓயாமல் தன் வழங்கியைக் கேட்டுக்கொண்டே இருந்தால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே கைப்பேசி, தன் இயங்குதளத்தை நடத்தும் கூகுள் அல்லது ஆப்பிள் நிறுவனத்தின் வழங்கியுடன் ஒரே ஓர் இணைப்பை மட்டும் வைத்துக்கொள்கிறது. பங்கு அலுவலகம் தன் செய்தியை அந்த வழங்கியிடம் ஒப்படைக்கிறது. அது உரிய கைப்பேசிகளுக்குச் சேர்ப்பிக்கிறது. ஊர் ஊராகச் செல்லும் தபால்காரரிடம் கடிதத்தைக் கொடுப்பது போன்றதே இம்முறை.

இரண்டாவது, நேரலை. பீடத்தின் எதிரே உள்ள ஒளிப்படக் கருவி எடுக்கும் காட்சி, சில நொடிகள் கொண்ட சிறு துண்டுகளாக நறுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் உயர்ந்த தரம், நடுத்தரம், தாழ்ந்த தரம் எனப் பல வகையில் ஆயத்தம் செய்யப்படுகிறது. பார்ப்பவரின் இணைப்பு வேகத்துக்கு ஏற்ற துண்டைக் கைப்பேசி தானே தேர்ந்துகொள்கிறது. அலை குன்றிய மலைக் கிராமத்தில் படம் மங்கினாலும் குரல் அறுபடாமல் வருவது இதனாலேதான். ஆனால் நறுக்கிச் சேர்க்க நேரம் பிடிப்பதால், வீட்டில் இருப்பவர் சொல்லும் 'ஆமென்' கோயிலில் சொல்வதற்குப் பல நொடிகள் பிந்தியே அமையும். காணொளி அழைப்பில் இத்தாமதம் மிகச் சிறிதே எனினும், பல வீடுகளிலிருந்து பாடகர் குழு சேர்ந்து பாடினால் தாளம் பிறழும்.

மூன்றாவது, காணிக்கை. ஜப்பான் நாட்டின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் வாகன உதிரிப் பாகங்களை அடையாளம் காண்பதற்காக உருவாக்கியதே க்யூஆர் குறியீடு. 2016இல் நம் நாட்டில் யுபிஐ முறை வந்தபின் அக்குறியீடு காணிக்கைப் பெட்டியின் அருகிலும் இடம்பெற்றது. கணக்கு தெளிவாக இருப்பது இதன் பெரும் நன்மை. எனினும் உண்மைக் குறியீட்டின்மேல் வேறொன்றை ஒட்டி ஏமாற்றுவோர் உண்டு. பணம் அனுப்புமுன் திரையில் தோன்றும் பெறுநர் பெயரைப் படித்துப் பார்த்தல் இன்றியமையாதது. வெளிநாட்டு நன்கொடையை இவ்வழியில் வாங்கிவிடக் கூடாது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அத்தொகை புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேரவேண்டும்.

நான்காவது, பதிவேடு. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் ஒவ்வொரு பங்கிலும் உள்ளன. திருமணத்துக்கு ஓலை வாசிக்குமுன், மணமக்களின் திருமுழுக்குச் சான்றிதழ் பிறந்த பங்கிலிருந்து வரவேண்டும். அதற்காக ஒரு நாள் வேலையை விட்டுப் பேருந்தில் சென்று, எழுத்தர் இல்லாமல் திரும்பியோர் பலர். இணையத்தில் விண்ணப்பம் பெறும் வசதி இருப்பின் அவ்வலைச்சல் மிஞ்சும். ஆயினும் கணினியில் ஏற்றிய பின்னர் பழைய ஏட்டைக் கரையானுக்கு இரையாக்குதல் பெருந்தவறு. மூல ஏடே சான்று; கணினிப் படி அதைத் தேடும் வழி மட்டுமே.

கருவியின் எல்லை

கருவி எவ்வளவு தூரம் செல்லலாம் என்னும் வினா 2011இலேயே எழுந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய உதவும் ஐபோன் செயலி ஒன்று அவ்வாண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. அந்நாட்டு ஆயர் ஒருவர் அதற்கு இசைவும் அளித்திருந்தார். செயலியிடமே பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறலாம் என்று செய்தித்தாள்கள் எழுதத் தொடங்கவே, வத்திக்கான் செய்தித் தொடர்பாளர் லொம்பார்தி அடிகளார் விளக்கம் தந்தார். மனத்தை ஆராய்ந்து பார்க்க அக்கருவி துணை செய்யலாம். குருவுக்கும் விசுவாசிக்கும் இடையிலான நேர்முக உரையாடலுக்கு அது ஈடாகாது என்பதே அவ்விளக்கத்தின் சாரம்.

கொரோனாத் தொற்று இவ்வினாவை உலகெங்கும் மீண்டும் எழுப்பியது. 2020ஆம் ஆண்டுப் புனித வாரத்தில் கோயில்கள் மூடிக் கிடந்தன. அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட ஆணை, மக்கள் வீட்டிலிருந்தே மன்றாட்டில் இணைவதற்கு ஒளிபரப்பு உதவும் என்றது. ஆனால் அது நேரலையாக இருக்கவேண்டும், பதிவு செய்யப்பட்டதாக இருத்தலாகாது என்றும் குறிப்பிட்டது. இதன் உட்பொருள் சிந்தித்தற்குரியது. பதிவைப் பார்ப்பவர் ஒரு நிகழ்ச்சியைக் காண்கிறார். நேரலையில் இணைபவர் அதே வேளையில் மற்றவரோடு சேர்ந்து மன்றாடுகிறார். முன்னவர் பார்வையாளர், பின்னவர் சபையின் உறுப்பினர். 2023இல் வத்திக்கானின் தகவல் தொடர்புத் துறை வெளியிட்ட சிந்தனைத் தொகுப்பும், திரை வழியாக ஒன்றாய் உண்ண இயலாது என்பதை நினைவூட்டுகிறது. அப்பம் பிட்டுப் பகிர்தலை நடுவாகக் கொண்ட ஒரு சமூகத்துக்கு இஃது அடிப்படையான செய்தியாகும்.

விழிப்பாக இருக்கவேண்டிய இடங்கள்

"சகோதரி ஒருவருக்குப் புற்றுநோய், மன்றாடுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் பெயரோடும் தெருவோடும் இடப்படும் வேண்டுகோள் அன்பினால் எழுதப்படுவதே. ஆனால் அன்றிரவே அது அவர் மகளை மணம் பேசிய வீட்டாரின் கைப்பேசிக்கும் சென்றுவிடலாம். பீடத்தருகே காதோடு சொல்லும் வேண்டுதல் காற்றோடு போய்விடும். கைப்பேசியில் எழுதியது நிற்கும், நகலெடுக்கப்படும். ஆகவே உரியவரின் ஒப்புதலின்றி நோயையோ குடும்பச் சிக்கலையோ குழுவில் இடலாகாது. 2023இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல், குறித்த நோக்கம் ஆகிய இரண்டையே அடித்தளமாகக் கொண்டுள்ளது. பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று அச்சட்டம் கூறுவதால், ஞாயிறு பள்ளிச் சிறுவரின் படங்களும் முகவரிகளும் பொதுவில் இடத்தக்கவை அல்ல.

அடுத்து, சாவி யாரிடம் என்னும் வினா. ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலில் பங்கின் இணையதளத்தைத் தொடங்குவார். வேலை கிடைத்து அவர் வெளியூர் சென்றபின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. ஆண்டுக் கட்டணம் கட்டப்படாமல் தளம் மறையும். கணக்கு பங்குப் பேரவையின் பெயரில் இருத்தலும், பொறுப்பாளர் இருவராவது கடவுச்சொல் அறிந்திருத்தலும், மாற்றத்தின்போது நிதிக் கணக்கைப்போல் இதனையும் எழுத்தில் ஒப்படைத்தலும் நலம்.

இவை யாவற்றினும் முதன்மையானது, வெளியே நிற்பவர் யார் என்னும் வினாவே. திறன்பேசி இல்லாத மூதாட்டி, எழுத்தறியாத கூலித் தொழிலாளி, கண்பார்வை மங்கிய முதியவர் ஆகியோருக்குச் செயலியில் வரும் அறிவிப்பு எட்டுவதில்லை. வழிபாட்டு நேரம் மாறியதை அறியாமல் இருட்டில் நடந்து வந்து பூட்டிய கதவைக் காண்பவர்கள் இவர்களே. இங்கிலாந்துத் திருச்சபை இவ்வுண்மையை உணர்ந்தே 2020 ஏப்ரலில் 'டெய்லி ஹோப்' என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. இணையமே தேவைப்படவில்லை, வீட்டுத் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றினால் பாடலும் மன்றாட்டும் எந்நேரமும் கேட்க முடிந்தது. புதுமை என்பது எப்போதும் புதிய கருவியைத் தேடுவதன்று. பயன்பெறுவோரின் கையில் உள்ள கருவியைத் தேடுவதும் ஆகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், கைப்பேசிச் செயலியும் இணையதளமும் தொலைவில் உள்ளோரை இணைக்கவும், கணக்கைத் தெளிவாக்கவும், அலைச்சலைக் குறைக்கவும், திருமறையைத் தாய்மொழியில் கைக்குள் வைக்கவும் வல்லன என்பது விளங்கும். நோயாளியின் கையைப் பற்றவோ, துக்க வீட்டில் அமர்ந்து ஆறுதல் சொல்லவோ அவற்றால் ஆகாது. அப்பணி மனிதருக்கே உரியது. ஒரு பங்கு செயலி அமைக்க எண்ணுமாயின், அதில் என்னென்ன வசதிகள் வைக்கலாம் என்று கேட்குமுன், இது சென்று சேராத வீடுகள் எவை என்று கணக்கெடுப்பது நன்று. அவ்வீடுகளுக்கு நேரில் சென்று செய்தி சொல்ல அன்பியத்துக்கு இருவரைப் பொறுப்பாக்கிவிட்டுப் பின்னர்ச் செயலியைத் தொடங்கலாம். கணினி கற்கும் மாணவராகிய நாம் நம் ஊர்க் கோயிலுக்கோ, பள்ளிவாசலுக்கோ, தேவாலயத்துக்கோ இத்தகைய உதவி செய்ய முன்வரும்போது இம்முறையை மறவாது கைக்கொள்வோமாக.