கண்காணிப்புக் குழுவுக்கு வந்தாரா உங்கள் எம்.எல்.ஏ.?

தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதிகள். அங்கே வேட்பாளர் தலித்தாக இருக்க வேண்டும். ஓட்டுப் போடுவதோ எல்லோரும். பெரும்பாலான தனித் தொகுதிகளில் தலித் வாக்காளர்கள் பாதிக்கும் குறைவு. ஆகவே வெற்றியைத் தீர்மானிப்பது ஊர்த் தெருவின் ஓட்டும், சீட்டுக் கொடுக்கும் கட்சித் தலைமையும்தான். மயானப் பாதையை மறிக்கிறார்கள் என்று சேரி மக்கள் போய் நின்றால், "இரண்டு பக்கமும் பேசி முடிப்போம்" என்கிறார் எம்.எல்.ஏ. அவரைத் திட்டுவது எளிது. அவரை அப்படிப் பேசவைக்கும் கணக்கு 1932இல் போடப்பட்டது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்டோருக்கு இரட்டை வாக்குரிமை அறிவித்தது. நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க ஓர் ஓட்டு, பொது வேட்பாளருக்கு இன்னோர் ஓட்டு. எரவாடா சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24இல் அம்பேத்கர் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மாகாண சபைகளில் 148 இடங்கள் கிடைத்தன. ஆனால் இறுதியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோருக்கும் பொதுவானது. வேட்பாளர் நால்வரை முதலில் நாமே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் ஒன்று மிஞ்சியது. சுதந்திர இந்தியாவில் அதுவும் இல்லை.

எம்.சி.ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் 1920களில் சென்னை சட்டசபைக்குள் நுழைந்தது ஓட்டு வாங்கி அல்ல; அரசு அவர்களை நியமித்தது. பொது வீதியும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் அந்தச் சபையில் கொண்டுவந்தவர் சீனிவாசன். ஊர் ஓட்டை நம்பி இருக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

தொகுதி முறையை நாளையே மாற்ற நம்மால் ஆகாது. ஆனால் கையில் ஒரு பிடி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 17ஆவது விதியைப் படியுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் போய்ச் சேர்ந்ததா, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அதிகாரிகள் கடமையைச் செய்தார்களா என்று பார்ப்பது அதன் வேலை. அதில் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் உறுப்பினர்கள். கோயில் திருவிழாவுக்கும் காதணி விழாவுக்கும் தவறாமல் வருகிறவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வந்தார்களா?

கல்லூரி மாணவர்கள் இதைச் செய்யலாம். குழுவின் உறுப்பினர் செயலராக இருப்பவர் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர். அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். கடந்த இரண்டு ஆண்டுகளில் குழு எந்தெந்தத் தேதிகளில் கூடியது, யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள்; கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

விதி தனித் தொகுதி, பொதுத் தொகுதி என்று பிரிக்கவில்லை. பொதுத் தொகுதி எம்.எல்.ஏ.க்களின் பெயர்களையும் மனுவில் மறக்காமல் எழுதுங்கள்.