ஜிம்னிக்குப் பெரிய டயர்: மீட்டரில் 80... ரோட்டில் 85!

ஆஃப்-ரோடு ஆசை வந்ததும் பலர் முதலில் மாற்றுவது டயரைத்தான். அதோடு ஸ்பீடோமீட்டர் கணக்கும் மாறிவிடும். எப்படி?

மீட்டர் எண்ணுவது சுற்றுகளைத்தான். அதை கம்பெனி டயரின் சுற்றளவோடு பெருக்கி வேகம் சொல்கிறது.

மாருதி ஜிம்னியின் கம்பெனி டயர் 195/80 ஆர்15. கணக்குப்படி விட்டம் 693 மி.மீ. அதற்குப் பதில் 235/75 ஆர்15 மாட்டினால் விட்டம் 733 மி.மீ.யைத் தாண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கிட்டத்தட்ட 6% கூடுதல் தூரம் போகும். மீட்டர் சரியாக இருந்த வண்டியில் இனி 80 என்றால், நிஜத்தில் 85. மீட்டரில் 10,000 கி.மீ. என்றால், ஓடியது சுமார் 10,600. 'மைலேஜ் குறைஞ்சிடுச்சே' என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம்.

பொதுவாக கம்பெனி மீட்டர்கள் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். பெரிய டயர் அந்தப் பாதுகாப்பைக் கரைத்துவிடும். ஸ்பீடு கேமராவுக்கு உங்கள் மீட்டர் தெரியாது!

டிஃபரன்ஷியல் கியரை மாற்றினால்? கியர்பாக்ஸ் பக்கம் சென்சார் உள்ள பழைய வண்டிகளில் மீட்டர் மாறும். இழுவைக்காகப் பல் விகிதத்தைக் கூட்டினால் மீட்டர் கூட்டிக் காட்டும். பெரிய டயரின் பிழையை அது ஓரளவு ஈடுகட்டும். சக்கர சென்சார் உள்ள வண்டிகளில் டயர் மட்டுமே கணக்கு.

டயர் மாற்றியதும், சீரான வேகத்தில் போகும்போது பக்கத்தில் இருப்பவரை போனில் ஜிபிஎஸ் வேகம் பார்க்கச் சொல்லுங்க. வித்தியாசம் இருந்தால், மீட்டரை ரீகேலிபரேட் செய்துவிடுவது நல்லது.