தொய்ந்த பட்டையும் நிமிர்ந்த விளக்கும்

கனகசெட்டிக்குளம் வழியே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், இரவில் எதிரே வரும் பழைய பொலீரோவின் விளக்கு கண்ணைக் கூசச் செய்கிறதா? அதன் பின்புறம் தாழ்ந்திருக்கலாம்!

பின் அச்சின் மேல் வண்டியைத் தாங்குபவை வளைந்த எஃகுப் பட்டைகள். பாரம் ஏற்றினால் வளைவு குறையும், இறக்கினால் மீளும். இராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கிய மீட்சிப் பண்பு இது. ஆனால் ஆண்டுக்கணக்கில் மிகைப்பாரம் ஏற்றினால் பட்டை மீளாமல் தொய்ந்துவிடும். பின்புறம் தாழ, முன்விளக்கு மேல்நோக்கும்.

சுத்தியலால் தட்டி வளைத்தால் போதுமா? போதாது; மீண்டும் தொய்யும். பழுக்கக் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். விரிசல் கண்டிருந்தால் இருபுறமும் புதிய பட்டைகளே சரி.

மாணவ நண்பர்களே, ஒரு கொண்டை ஊசியை மெல்ல விரித்து விடுங்கள். பின்பு அகல விரித்து விடுங்கள். பட்டையின் கதை புரியும்.