ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேளையில்

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்கு வரும் அன்பர்கள் முதல் ஒப்பந்தத்தில் காட்டும் ஜாக்கிரதையை இரண்டாவது ஒப்பந்தத்தில் காட்டுவதில்லை. ஊரில் ஏஜெண்டின் ஆபீசில் உட்கார்ந்திருந்த நாளில், கூட வந்த மாமாவோ அண்ணனோ காகிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்திருப்பார். இரண்டு வருஷம் கழித்து, கேம்ப்பில், ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில், டைம்கீப்பர் நீட்டுகிற தாளில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. "விசா முடியப் போகிறது, சீக்கிரம் போடு" என்ற ஒரு சொல்லே போதுமானதாகிவிடுகிறது.

அந்த ஒரு கையெழுத்தினால் பத்து வருஷ உழைப்பின் பலனில் பெரும்பகுதி கைவிட்டுப் போகலாம். அது எப்படி என்பதையும், அதைத் தடுக்கச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்பதையும் ஒவ்வொரு அங்கத்தினரும் தெரிந்துகொள்வது அவசியம்.

சம்பளம் கொடுப்பவர் யார்?

ருவைஸ், தாஸ் தீவு, ஜுபைல், ராஸ் லஃபான் போன்ற இடங்களில் எண்ணெய், எரிவாயு ஆலைகளின் ஷட்டவுன் வேலைக்குப் போகும் வெல்டர், பைப் ஃபிட்டர், சாரம் கட்டுபவர், எலெக்ட்ரீஷியன் ஆகியோரில் பலர் அந்த ஆலையின் ஊழியர்கள் அல்லர். அவர்கள் பெயர் இருப்பது "சப்ளை கம்பெனி" எனப்படும் ஆள் அனுப்பும் நிறுவனத்தின் புத்தகத்தில். ஆலை நிர்வாகம் சப்ளை கம்பெனிக்கு மணிக்கணக்கில் பணம் தருகிறது. சப்ளை கம்பெனி தொழிலாளிக்கு மாதக் கணக்கில் சம்பளம் தருகிறது. இடையில் நிற்கும் தொகை சப்ளை கம்பெனியின் வருமானம்.

ஆகவே புதுப்பிக்கும் நேரத்தில் தொழிலாளி ஒருவர், எதிரே இருவர். ஆலை ஃபோர்மன் வேலையைப் பாராட்டுகிறார். சப்ளை கம்பெனி ஆபீசிலோ "ரேட் குறைந்துவிட்டது, பழைய சம்பளம் கட்டாது" என்கிறார்கள். அந்த இருவருக்குள் உள்ள உடன்படிக்கையைத் தொழிலாளி பார்க்க முடியாது. பார்க்க முடிந்தது தன் ஒப்பந்தம் ஒன்றுதான். அதையாவது முழுமையாகப் பார்த்தாக வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆள் சேர்க்கும் ஏஜென்சிகளுக்கு இருவகை லைசென்ஸ் உண்டு. ஒன்று, வேலைக்கு ஆளை அறிமுகப்படுத்தி ஒதுங்கிக்கொள்ளும் வகை. மற்றொன்று, ஆளைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு பிறரிடம் வேலைக்கு அனுப்பும் வகை. இரண்டாவது வகையில் ஏஜென்சியே எஜமானர். சம்பளம், லீவு, பணிக்கொடை எல்லாம் அதன் பொறுப்பு. "ஆலையிலிருந்து பில் பணம் வரவில்லை" என்பது தொழிலாளியின் கவலை அல்ல.

கங்காணி காலத்துத் துண்டு

இடைத்தரகரின் பிடி தமிழர்களுக்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த காலத்தில் "துண்டு" என்றொரு சீட்டு இருந்தது. இன்னாருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடனைத் தீர்க்காமல் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியாது. அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டு, 1922இல், இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது.

வளைகுடாவில் பல காலம் இருந்த "என்.ஓ.சி." அந்தத் துண்டை நினைவூட்டுவது. பழைய கம்பெனி ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தராவிட்டால் புதிய வேலை இல்லை. இந்த நிலை படிப்படியாகத் தளர்ந்திருக்கிறது. அமீரகத்தில் 2011 ஜனவரி முதல், இரண்டு வருஷ ஒப்பந்தம் முடித்தவர் என்.ஓ.சி. இல்லாமலே மாறலாம் என்று விதி வந்தது. கத்தாரில் 2020இலும், ஓமானில் 2021 ஜனவரி 1 முதலும் என்.ஓ.சி. நீக்கப்பட்டது. சவூதி அரேபியாவில் 2021 மார்ச் 14 முதல், ஒரு வருஷம் வேலை பார்த்தவர் குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் மாறிக்கொள்ள வழி ஏற்பட்டது. ஆயினும் "என்.ஓ.சி. தர மாட்டோம்" என்ற பழைய மிரட்டலைக் கேட்டுப் பயந்து குறைந்த சம்பளத்துக்குக் கையெழுத்திடுபவர்கள் உண்டு. விதி மாறியது தெரியாததே காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமீரகத்தில் 1980ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்துக்குப் பதிலாக, 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் அமலுக்கு வந்தது. காலவரையறை இல்லாத பழைய ஒப்பந்தங்கள் ரத்தாகி, 2023 டிசம்பர் 31க்குள் எல்லாம் காலவரையறை உள்ளவையாக மாற்றப்பட வேண்டும் என்று ஆயிற்று. பல வருஷம் காகிதத்தைத் தொடாமல் வேலை பார்த்தவர்களும் அதனால் புதிய தாளில் கையெழுத்திட நேர்ந்தது. புதுப்பித்தல் என்பது இப்போது எல்லோருக்கும் உள்ள விஷயம். துபாய் டி.ஐ.எஃப்.சி., அபுதாபி ஏ.டி.ஜி.எம். ஆகிய நிதி மண்டலங்களுக்கும், வீட்டு வேலை செய்பவர்களுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

இச்சட்டத்தில் நினைவில் நிறுத்த வேண்டியவை நான்கு.

முதலாவது: ஆள் சேர்க்கும் செலவை, நேராகவோ சுற்றி வளைத்தோ, தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. "புதுப்பிக்க இவ்வளவு திர்ஹம் கட்டு" என்று கேட்பதும், சம்பளத்தில் பிடிப்பதும் சட்டத்துக்கு விரோதம்.

இரண்டாவது: ஒப்பந்த காலம் முடிந்தும் இரு தரப்பும் பேசாமல் வேலை தொடர்ந்தால், பழைய ஒப்பந்தமே அதே நிபந்தனைகளுடன் நீடித்ததாகக் கொள்ளப்படும்.

மூன்றாவது: புதுப்பித்த காலம் பழைய காலத்தோடு சேர்த்தே சர்வீஸாகக் கணக்கிடப்படும்.

நான்காவது: பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைத்துக்கொள்ளவோ, வேலை முடிந்ததும் நாட்டை விட்டுப் போகும்படி வற்புறுத்தவோ கூடாது.

பணிக்கொடை போகும் வழி

ஒரு வருஷம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருஷங்களுக்கு வருஷத்துக்கு 21 நாள் சம்பளம். அதற்கு மேல் வருஷத்துக்கு 30 நாள் சம்பளம். மொத்தம் இரண்டு வருஷச் சம்பளத்தைத் தாண்டாது. கணக்கு எடுப்பது கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளத்தின் மீது. அலவன்ஸ் இதில் சேராது. சூட்சுமம் முழுவதும் இங்கேதான்.

வெல்டர் ஒருவர் 1,500 திர்ஹம் அடிப்படைச் சம்பளத்தில் பத்து வருஷம் வேலை பார்த்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் சம்பளம் 50 திர்ஹம். முதல் ஐந்து வருஷத்துக்கு 5,250. அடுத்த ஐந்துக்கு 7,500. ஆக 12,750 திர்ஹம் அவருக்குச் சேர வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை "பழைய கணக்கு முடிந்தது, இது புதிய சர்வீஸ்" என்று தாளில் எழுதி வாங்கினால், அவருக்கு எந்நாளும் 21 நாள் கணக்கே. பத்து வருஷத்துக்கும் சேர்த்து 10,500. நஷ்டம் 2,250 திர்ஹம்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கடைசிப் புதுப்பித்தலில் 1,500ஐ 900 அடிப்படை, 600 அலவன்ஸ் என்று பிரித்துவிட்டால், மாதம் கையில் வருவது ஒரு காசு கூடக் குறையாது. ஆகவே யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பணிக்கொடை 900 மீது கணக்கிடப்பட்டு 7,650 ஆகிவிடும். மகளின் கல்யாணத்துக்கு என்று மனத்தில் வைத்திருந்த தொகையில் 5,100 திர்ஹம் ஒரு கையெழுத்தில் காணாமல் போகிறது.

ஆலைக்காரரே நேரடியாக வேலைக்கு அழைக்கும்போது, "போட்டி நிறுவனத்துக்குப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய்" என்று சில ஏஜென்சிகள் தடுப்பதும் உண்டு. அப்படிப்பட்ட ஷரத்து, வாடிக்கையாளர்களையோ தொழில் ரகசியத்தையோ அறியும் வேலைக்கே பொருந்தும். காலம், இடம், வேலையின் வகை ஆகிய மூன்றும் குறிப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு மேல் செல்லாது.

ஊர் ஏஜெண்டும் ஃப்ரீ விசாவும்

இந்தியாவில் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 30 முதல் அமலாயிற்று. அதன்படி ரிஜிஸ்டர் செய்த ஏஜெண்டு மட்டுமே ஆள் சேர்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் அதன் மீது ஜி.எஸ்.டி.யும்தான், ரசீது தர வேண்டும். தமிழ்நாடு அரசே 1978இல் ஓவர்ஸீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தை இதற்காக ஏற்படுத்தியது. இலங்கை அன்பர்களுக்கு 1985இல் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உண்டு. ஊருக்கு லீவில் போகும்போது "புதுப்பித்துத் தருகிறேன்" என்று உள்ளூர் சப்-ஏஜெண்டு பணம் கேட்டால், கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

சம்பளத்தைத் தானே பேசி, தானே வேலை தேடிக்கொள்ள விரும்புகிறவர்கள் "ஃப்ரீ விசா"வை நாடுகிறார்கள். பெயர்தான் ஃப்ரீ. கஃபீலுக்கு வருஷா வருஷம் பணம் கட்டி, விசாவில் இல்லாத இடத்தில் வேலை பார்ப்பது அது. சட்டத்தின் கண்ணில் அது குற்றம். சம்பளம் வராவிட்டால் புகார் செய்யவும் கால் எழும்பாது. பஹ்ரைன் 2017இல் தொழிலாளியே தனக்கு ஸ்பான்ஸராக இருக்க "ஃப்ளெக்ஸி" பெர்மிட் கொடுத்துப் பார்த்து, 2022இல் அதை நிறுத்தி வேறு பதிவுமுறைக்கு மாற்றியது. அமீரகத்தில் முறையான ஃப்ரீலான்ஸ் பெர்மிட் உண்டு. தனித்து வேலை பார்க்க நினைப்பவர் அந்த வழியில் போவதே நலம்.

கையெழுத்துக்கு முன்

கடைசி வாரம் வரை காத்திராமல், ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே பேச்சைத் தொடங்குவது நல்லது. வாய்ப்பேச்சில் சொன்னதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்து அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பதவிப் பெயர், சேர்ந்த தேதி, நோட்டீஸ் காலம் ஆகிய ஐந்தையும் ஒப்பிட வேண்டும். நோட்டீஸ் 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். "எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில், பணம் கைக்கு வரும் முன் கையெழுத்திடவே கூடாது. வெற்றுத்தாள் என்றால் பேச்சே இல்லை.

2016 முதல் அமைச்சகம் வேலை ஒப்பந்தப் படிவத்தை அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் தர ஏற்பாடு செய்தது. அம்மொழிகளில் தமிழும் உண்டு. கேட்டு வாங்குவது உரிமை.

தகராறு வந்தால் மனிதவள அமைச்சகத்தில் புகார் செய்யலாம். தொலைபேசி எண் 80084. 50,000 திர்ஹம் வரையுள்ள வழக்குகளில் 2024 முதல் அமைச்சகமே தீர்ப்புச் சொல்கிறது. 1,00,000 திர்ஹம் வரை தொழிலாளிக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. வேலை முடிந்த தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். முன்பு வழக்குக்கு ஒரு வருஷமே கெடு. 2024 ஆகஸ்ட் 31 முதல் இரண்டாயிற்று. இந்தியத் தூதரகத்தின் உதவி மையத்தை 80046342 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஆங்கிலமும் கணக்கும் தெரிந்த அங்கத்தினர்கள் சங்கத்தில் அநேகர். பூஜை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு பேசி நிற்கும் அரைமணி நேரத்தில், கேம்ப்பிலிருந்து வரும் ஓர் அன்பரின் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படித்துச் சொன்னால் போதும். ஐந்து நிமிஷ வேலை அது. ஒரு குடும்பத்தின் பத்து வருஷச் சேமிப்பு அதனால் காப்பாற்றப்படலாம்.