உடனிகழ்வும் இணைநிகழ்வும்: லினக்ஸ் கருவகத்தில் பின்னணிப் பணிப் பகிர்வு

1. முன்னுரை

'ஒரே நேரத்தில் பல பணிகள்' என்னும் தொடர் கணினி பற்றிய தமிழ் எழுத்துகளில் பெரிதும் வழங்குகிறது. அது இருவேறு கருத்துகளை ஒன்றாக்கிவிடுகிறது. பல செயலிகள் ஒரே கணத்தில் தத்தம் பணியைச் செய்வது இணைநிகழ்வு. ஒரு பணி முடியுமுன் மற்றொன்று தொடங்கி, பல பணிகள் ஒரே காலப்பகுதியில் நடைபெற்றுவருவது உடனிகழ்வு. இதற்கு ஒரு செயலியே போதும். நன்னூலார் மூன்றாம் வேற்றுமைப் பொருள்களுள் ஒன்றாகக் கூறும் உடனிகழ்வு என்னும் சொல்லே இங்குக் கலைச்சொல்லாக ஆளப்படுகிறது. இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல், அதாவது கருவகம், தன் பின்னணிப் பணிகளைப் பகிரும் முறையைக் கொண்டு அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். செயலி என்பது இங்குக் கணினியின் மையச் செயலியையே குறிக்கும்.

2. பணிவரிசை

வட்டு, வலையட்டை முதலிய கருவிகள் தம் நிலையைக் குறுக்கீட்டின் வழியாகச் செயலிக்கு உணர்த்துகின்றன. குறுக்கீட்டைக் கையாளும் நிரல் எதற்காகவும் உறங்கிக் காத்திருத்தல் இயலாது. விரைந்து முடிதல் வேண்டும். ஆகவே, காத்திருக்க நேரும் வேலைகள் பணிவரிசையில் இடப்படுகின்றன. பணியிழைகள் அவற்றை எடுத்துப் பின்னர் நிறைவேற்றுகின்றன. இவ்வமைப்பு 2002ஆம் ஆண்டில் லினக்ஸில் சேர்க்கப்பட்டது.

3. தொடக்கக்கால அமைப்பின் குறை

தொடக்கத்தில், பல இழைகளைக் கொண்ட ஒவ்வொரு பணிவரிசையும் செயலிக்கு ஒன்றாகத் தனக்கென இழைகளை வைத்திருந்தது. 64 செயலிகள் உள்ள கணினியில் 10 பணிவரிசைகள் இருப்பின் 640 இழைகள் தோன்றும். செயலிகள் பெருகிய காலத்தில், சில கணினிகள் தொடங்கும்போதே இயல்பாக ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 32,000 இயக்க எண்களும் தீர்ந்துபோயின என்று கருவக ஆவணமே குறிப்பிடுகிறது.

இத்தனை இழைகள் இருந்தும் பயன் குறைவே. ஒரு செயலியில் ஒரு வரிசைக்கு ஓர் இழையே உண்டு. அது வட்டின் விடைக்காக உறங்கினால், செயலி ஓய்ந்திருந்தாலும் அவ்வரிசையில் பின்னுள்ள பணிகள் நகரமாட்டா. உறங்கும் பணி தனக்குப் பின்னுள்ள பணியின் முடிவையே எதிர்பார்த்திருப்பின் இரண்டும் என்றும் முடியா, இதுவே முட்டுநிலை. இழைகள் பெருகின, உடனிகழ்வு பெருகவில்லை.

4. 2010ஆம் ஆண்டின் மாற்றம்

டேஜுன் ஹியோ வடிவமைத்த புதிய முறை 2010இல் 2.6.36ஆம் பதிப்பில் இடம்பெற்றது. இதில் வரிசையும் இழையும் பிரிக்கப்பட்டன. இழைகள் எல்லா வரிசைகளுக்கும் பொதுவான குழுக்களில் உள்ளன. ஒவ்வொரு செயலிக்கும் இயல்பான பணிகளுக்கு ஒன்றும் முன்னுரிமைப் பணிகளுக்கு ஒன்றுமாக இரு குழுக்கள் உண்டு.

குழுவில் ஓர் இழையேனும் இயங்கும் நிலையில் இருக்கும்வரை வேறு பணி தொடங்கப்படுவதில்லை. இயங்கும் கடைசி இழை உறங்கச் செல்லும்போது, பணி எஞ்சியிருப்பின், மற்றோர் இழை எழுப்பப்படுகிறது. எனவே செயலி வீணே ஓய்வதுமில்லை. தேவைக்கு மிஞ்சிய இழைகள் அதற்காகப் போட்டியிடுவதுமில்லை.

5. மீட்பு இழை

புதிய இழையை உருவாக்க நினைவகம் வேண்டும். நினைவகம் தட்டுப்படும்போது அதனை விடுவிக்கும் பணியே வரிசையில் நிற்கலாம். அப்பணிக்கு இழை வேண்டும்; இழைக்கு நினைவகம் வேண்டும். இவ்வட்டத்தை உடைக்க, நினைவக மீட்பில் பங்குபெறும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மீட்பு இழை முன்னதாகவே உருவாக்கி வைக்கப்படுகிறது. அது பெரும்பாலும் வாளா இருக்கும்; ஆயினும் அஃது இன்றேல் கணினி முற்றிலும் உறைந்துபோக நேரும்.

6. பிற்கால வளர்ச்சி

உறங்காமல் நெடுநேரம் கணக்கிடும் பணி பிற பணிகளைத் தடுக்கும். 2023இல் வெளிவந்த 6.5ஆம் பதிப்பு, 10 மில்லிவினாடிக்கு மேல் செயலியைப் பற்றியிருக்கும் பணியை இயல்பாகவே கண்டறிந்து எண்ணிக்கையிலிருந்து விலக்குகிறது. பின்னுள்ளவை தொடங்க வழி பிறக்கிறது. அவ்வாண்டின் 6.6ஆம் பதிப்பில், குறிப்பிட்ட செயலிக்குக் கட்டுப்படாத பணிகள், இடைநினைவகத்தைப் பகிரும் செயலிகளுக்குள்ளேயே இயன்றவரை தொடங்கப்படுகின்றன. தரவு அருகில் இருப்பின் விரைவு கூடும் என்பதே காரணம்.

7. முடிவுரை

செயலிகளைப் பெருக்குவது இணைநிகழ்வுக்கு வழிவகுக்கும். காத்திருக்கும் பணி பிறவற்றைத் தடுக்காமல் காப்பது உடனிகழ்வைச் சார்ந்தது. இரண்டையும் 'ஒரே நேரத்தில்' என்று மொழிபெயர்த்தால், 2010ஆம் ஆண்டின் மாற்றம் எதனைத் தீர்த்தது என்பதைத் தமிழில் சொல்லவே இயலாது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோரும் அதனைக் கற்பிப்போரும் இவ்வேறுபாட்டைப் பேணுதல் இன்றியமையாதது.