கோப்புப் பகிர்வில் தாமதம்: யுனிக்ஸ் வழிவந்த சேவையகங்கள் பற்றிய ஒரு நோக்கு

1

வலையமைப்பு ஒன்றில் கோப்புகளைப் பகிர்ந்தளிக்கும் சேவையகம் மந்தமடைகின்றபோது எழும் முறைப்பாடு பெரும்பாலும் 'தாமதம்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றது. அதனைத் தொடர்ந்து கூறப்படும் பரிகாரமும் பெரும்பாலும் ஒன்றேயாகும். இயந்திரம் பழையது, புதியது வாங்கப்படல் வேண்டும் என்பதே அது. ஆயின் புதிய இயந்திரம் வந்த பின்னரும் தாமதம் நீங்காதிருத்தல் அரிதான அனுபவம் அன்று. பல வேறு காரணங்களாலே தோன்றக்கூடிய ஒரு புறத்தோற்றத்தைத் தனியொரு பொருளாகக் கருதிவிடுவதாலேயே இந்நிலை ஏற்படுகின்றது.

மொழி, இலக்கிய, வரலாற்று ஆய்வாளர்களுக்கு இவ்விடயம் அந்நியமானதன்று. ஏட்டுச் சுவடிகளின் படிமங்கள், பழைய பத்திரிகைகளின் வருடிய பக்கங்கள், ஒலிப்பதிவுகள் ஆகியன இன்று சேவையகங்களிலேயே பேணப்படுகின்றன. அவற்றைப் பேணுவோருள் பலர் கணினித் தொழில்நுட்பத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். எனவே தாமதத்தின் காரணங்களை ஒழுங்குபட அறியும் முறையொன்றை விளக்குவதும், வேகத்தின் பெயரால் எதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாகத் தொடங்கிய யுனிக்ஸும், அதன் வழியில் அமைந்த லினக்ஸ் முதலானவையும் கோப்புகளைப் பகிர்வதற்கு இரு முறைகளைப் பெரிதும் பயன்படுத்துகின்றன. ஒன்று, சண் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984 அளவில் உருவாக்கிய என்எஃப்எஸ் என்னும் முறை. மற்றையது, 1980 களின் முற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தில் தோன்றிப் பின்னர் மைக்ரோசொப்ற் நிறுவனத்தால் வளர்க்கப்பட்ட எஸ்எம்பி என்னும் முறை. முன்னையது யுனிக்ஸ் உலகிலேயே பிறந்தது. பின்னையது யுனிக்ஸுக்குப் புறத்தேயிருந்து வந்தது.

எஸ்எம்பியை யுனிக்ஸ் சேவையகங்கள் பேசக் கற்றுக்கொண்ட வரலாறு கவனத்துக்குரியது. அன்றூ ட்ரிட்ஜெல் என்பவர் கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த காலத்தில், 1991 இன் இறுதியில், இம்முயற்சியைத் தொடங்கினார். வலையமைப்பின் வழியே சென்ற செய்திகளைக் கூர்ந்து நோக்கி, எவ்வினாவுக்கு எவ்விடை வருகின்றது என்பதை அறிந்து, அந்த 'மொழியின்' இலக்கணத்தை அவர் கட்டியெழுப்பினார். அறியாத மொழியொன்றை அது பேசப்படும் இடத்தில் அமர்ந்து செவிமடுத்துக் கற்பதற்கு இது ஒப்பானது. அம்முயற்சியே பின்னர் சம்பா எனப் பெயர் பெற்றது. எஸ், எம், பி என்னும் எழுத்துக்கள் அமைந்த சொற்களை அகராதிக் கோப்பொன்றிலே தேடியபோது கிடைத்த பெயர் அது.

பொதுப் பயன்பாட்டுக்குரிய தொடர்பு மொழியொன்றின் இலக்கணம் தனியொரு நிறுவனத்தின் உடைமையாக இருத்தல் எத்தகைய விளைவுகளை உண்டாக்கும் என்பதற்கும் இவ்வரலாறு சான்றாகும். ஐரோப்பிய ஆணைக்குழு 2004 இல் மைக்ரோசொப்ற் நிறுவனத்துக்கு எதிராக வழங்கிய முடிவை ஐரோப்பிய நீதிமன்றம் 2007 செப்டெம்பரில் உறுதிப்படுத்தியது. அதன் பின்னரே, அவ்வாண்டு டிசெம்பரில், 10,000 யூரோக் கட்டணத்தின் பேரில் அவ்விலக்கணத்துக்கான ஆவணங்கள் சம்பாவை உருவாக்குவோருக்குக் கிடைக்க வழி பிறந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் செவிமடுத்தே கற்க வேண்டியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. இன்றைய சேவையகங்களின் அமைப்புக் கோப்புகளிற் காணப்படும் விசித்திரமான வழிகாட்டல்கள் சில, அக்காலத்தின் எச்சங்களேயாகும்.

3

தாமதத்தை ஆராய்வோர் முதலிற் செய்ய வேண்டியது பிரித்து அளத்தலாகும். ஒரு கோப்பு சேவையகத்திலிருந்து பயன்படுத்துவோரின் கணினியை அடைவதற்கு மூன்று படிகளைக் கடக்கின்றது. சேவையகத்தின் வட்டு, வலையமைப்பு, இவ்விரண்டுக்கும் மேலே இயங்கும் பகிர்வு முறை என்பனவே அவை. இம்மூன்றையும் ஒருங்கே வைத்து அளப்போர் எதனையும் அறியமாட்டார்கள்.

வட்டின் வேகத்தைச் சேவையகத்திலேயே இருந்து, வலையமைப்பைத் தொடாமல் அளத்தல் வேண்டும். டிடி என்னும் எளிய கட்டளை இதற்குப் போதுமானது. ஆயின் ஒருமுறை வாசித்த கோப்பை இயங்குதளம் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அதே கோப்பை மீண்டும் வாசித்து அளப்பவர் வட்டினை அல்ல, நினைவகத்தையே அளக்கின்றார். எனவே நினைவகத்தின் அளவினும் பெரிய கோப்பொன்றைக் கொண்டு அளப்பதே பொருத்தமானது.

வலையமைப்பை வட்டின் தலையீடின்றி அளத்தல் அடுத்த படியாகும். ஐபெர்ஃப் என்னும் நிரலை இரு முனைகளிலும் இயக்கினால், வட்டினைத் தொடாத வெறுந் தரவு எவ்வளவு வேகத்திற் செல்கின்றது என்பது புலனாகும். இவ்விடத்திற் சில எண்களை நினைவிற்கொள்வது பயன்தரும். செக்கனுக்கு 100 மெகாபிற்று இணைப்பொன்றின் உச்ச எல்லை 12.5 மெகாபைற்று. நடைமுறையில் அது 11 அளவில் நிற்கும். கிகாபிற்று இணைப்பின் எல்லை 125 மெகாபைற்று. நடைமுறையில் 110 அளவு கிடைக்கும். கிகாபிற்று என நம்பப்படும் வலையமைப்பில் பெரிய கோப்பொன்று 11 மெகாபைற்று வேகத்திலேயே அசையாது நிற்குமாயின் அவ்வெண்ணே காரணத்தைச் சுட்டிவிடுகின்றது. வழியில் எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100 மெகாபிற்றுக்கு இறங்கியுள்ளது. செப்புக் கம்பிவழிக் கிகாபிற்று இணைப்புக்கு வடத்தின் நான்கு சோடிக் கம்பிகளும் தேவை. 100 மெகாபிற்றுக்கு இரண்டே போதும். ஒரு சோடி அறுந்த வடம் முற்றாகச் செயலிழக்காமல் மந்தமாக இயங்குவதற்குக் காரணம் இதுவே. ஈத்டூல் என்னும் கட்டளை இணைப்பின் உண்மையான வேகத்தைக் காட்டும்.

இதனோடு தொடர்புடைய இன்னொரு பழுதும் உண்டு. இணைப்பின் ஒரு முனையில் இருவழி ஒருங்கே பேசும் முறை கையால் நிலைநிறுத்தப்பட்டு, மறுமுனை தானாகவே இணங்கிக்கொள்ளுமாறு விடப்பட்டிருப்பின், மறுமுனை ஒருவழி முறையையே தெரிந்துகொள்ளும். அந்நிலையிற் பிங் கட்டளை குறையெதுவும் காட்டாது. சிறு செய்திகள் தடையின்றிச் செல்லும். பெரிய கோப்புகள் மாத்திரம் தவழும். 'இணைப்பு நன்றாகவே உள்ளது' என்னும் முடிவுக்கு அவசரமாக வருவோரை ஏமாற்றும் பழுது இது.

வட்டும் வலையமைப்பும் தனித்தனியே 100 மெகாபைற்று வேகத்தைக் காட்ட, பகிர்வு மாத்திரம் 20 இல் நிற்குமாயின், அப்போதே பகிர்வு முறையைக் குற்றங்கூறும் உரிமை நமக்கு உண்டாகின்றது.

4

பெரிய கோப்பொன்று விரைவாகவும், அதே அளவுடைய சிறு கோப்புகளின் தொகுதி மிக மெதுவாகவும் செல்வது பலருக்கும் வியப்பளிப்பதாகும். இதனை விளங்கிக்கொள்வதற்கு வேகம், காத்திருப்பு ஆகிய இரண்டையும் வேறுபடுத்தல் வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் பெயரைத் தேடல், அனுமதியைச் சரிபார்த்தல், திறத்தல், வாசித்தல், மூடுதல் எனப் பல வினாவிடைகள் நிகழ்கின்றன. ஒரு கோப்புக்குப் பத்து வினாவிடைகள், ஒவ்வொன்றும் போய்வர அரை மில்லிசெக்கன் எனக் கொள்வோம். 10,000 கோப்புகளுக்குக் காத்திருப்பு மாத்திரம் 50 செக்கன் ஆகின்றது. கம்பியற்ற இணைப்பினாலோ தூரத்தினாலோ போய்வரும் நேரம் 5 மில்லிசெக்கனாக உயருமாயின் அதே வேலைக்கு 500 செக்கன், அதாவது எட்டு நிமிடத்துக்கு மேல், வேண்டும். இணைப்பின் அகலத்தைப் பத்து மடங்காக்கினும் இக்காத்திருப்பு குறையாது. அதிக செலவில் வாங்கப்படும் புதிய கருவிகள் பயனற்றுப்போவது இவ்விடத்திலேயாகும். சிறு கோப்புகளை ஒரே பொதியாக்கி அனுப்புதல் செலவற்ற பரிகாரம். 2006 இல் வெளிவந்த எஸ்எம்பியின் இரண்டாம் பதிப்பு, நூற்றுக்கு மேற்பட்டிருந்த கட்டளைகளை 19 ஆகக் குறைத்து, பல வினாக்களை ஒன்றாக இணைத்து அனுப்பவும் இடமளித்தது. ஆதலால் பழைய முதற் பதிப்பைப் பழக்கத்தினால் மாத்திரம் பேணுவதற்கு நியாயமில்லை. பாதுகாப்பின் பொருட்டும் அது கைவிடப்பட வேண்டியதே.

முதல் இணைப்பு மாத்திரம் ஐந்து அல்லது பத்துச் செக்கன் தாமதித்து, அதன் பின் யாவும் இயல்பாக நடைபெறுமாயின், ஐயம் பெயர்த் தேடலின்பாற் செல்லுதல் வேண்டும். வருபவரின் முகவரிக்குரிய பெயரைச் சேவையகம் தேடி, விடை கிடையாமற் காத்திருக்கின்றது. லினக்ஸில் இக்காத்திருப்பின் இயல்பளவு ஒரு வினாவுக்கு 5 செக்கன் என்பதை அறிந்தவர்க்கு அவ்வெண்ணே சான்றாகும்.

5

அளவின் பெருக்கம் ஒரு கட்டத்திற் பண்பின் மாற்றமாக வெளிப்படுவதற்குச் சம்பாவில் நல்ல எடுத்துக்காட்டொன்று உண்டு. யுனிக்ஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறெனக் கொள்வது. விண்டோஸ் அவற்றை ஒன்றெனக் கொள்வது. இவ்விரு உலகுகளுக்கும் இடையில் நிற்கும் சம்பா, குறித்த பெயருடைய கோப்பு இல்லை என்று கூறுவதற்கு முன்னர், அவ்வடைவிலுள்ள எல்லாப் பெயர்களையும் எழுத்து வேறுபாடு நீக்கி ஒப்புநோக்க வேண்டியுள்ளது. புதிய கோப்பொன்றை உருவாக்கும் ஒவ்வொரு முறையும் இது நிகழும். அடைவில் நூறு கோப்புகள் உள்ளவரை எவரும் இதனை உணரார். ஒரே அடைவிற் 10,000 பக்கப் படிமங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்போமாயின், ஒப்புநோக்கல்களின் தொகை ஏறத்தாழ ஐந்து கோடியை எட்டும். 'முன்பு நன்றாகவே இயங்கியது. எதனையும் நாம் மாற்றவில்லை' என்னும் முறைப்பாட்டின் பொருள் இங்கு தெளிவாகின்றது. அமைப்பை எவரும் மாற்றவில்லை, தொகுதி வளர்ந்துள்ளது.

பரிகாரம் இரண்டு. படிமங்களை ஆண்டு, மாதம் அல்லது நூல் வாரியாகச் சிறு அடைவுகளிற் பிரித்து வைத்தல் ஒன்று. எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்துக்கு மாற்றிய பின், எழுத்து வேறுபாட்டைக் கண்டிப்பாகக் கொள்ளுமாறு சம்பாவைப் பணித்தல் மற்றையது. பெயர்களை மாற்றாமல் இரண்டாவதைச் செய்வோர் சில கோப்புகள் 'காணாமற்' போவதைக் காண்பர்.

6

மரபாக வந்த அறிவுரைகள் பற்றியும் ஒரு குறிப்பு அவசியமாகின்றது. சம்பாவின் வேகத்தைக் கூட்டுவதற்கென, அனுப்பும், பெறும் இடைத்தாங்கிகளின் அளவை 8192 பைற்று என நிலைநிறுத்தும் வரியொன்று நெடுங்காலமாகக் கைமாறி வருகின்றது. 1990 களின் இயந்திரங்களில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். பின்வந்த லினக்ஸ் பதிப்புகள் இவ்வளவைத் தேவைக்கேற்பத் தாமே கூட்டியும் குறைத்தும் கொள்கின்றன. கையால் எண் குறிப்பின் அத்தன்னியக்கம் நின்றுவிடும். 8192 பைற்றுக்கு ஒருமுறை விடைக்குக் காத்திருக்கும் இணைப்பு, போய்வர 1 மில்லிசெக்கன் எடுக்குமிடத்து, செக்கனுக்கு 8 மெகாபைற்றுக்கு மேற் செல்லாது. வேகத்துக்கென எழுதப்பட்ட வரி தடையாகிவிடுகின்றது. ஒரு பாடத்தை அதன் காலச் சூழலினின்றும் பிரித்து ஓதும் போக்கினை இலக்கிய விமரிசனத்தில் நாம் கண்டிப்பதுண்டு. அமைப்புக் கோப்புகளை வாசிப்பதற்கும் அதே எச்சரிக்கை வேண்டும். ஒவ்வொரு வரியும் எக்காலத்தில், எப்பிரச்சினைக்கு விடையாக எழுதப்பட்டது என்று கேட்டல் வேண்டும். விடை கிடையாவிடின் அவ்வரியை நீக்கிவிட்டு மீண்டும் அளத்தல் வேண்டும். ஒரு வேளையில் ஒரு மாற்றத்தையே செய்து, அதன் முன்னும் பின்னும் அளவுகளைக் குறித்து வைத்தலே நம்பத்தக்க முறை.

7

இறுதியாக, வேகமும் பாதுகாப்பும் நேருக்குநேர் முரண்படும் இடத்துக்கு வருவோம். என்எஃப்எஸ் முறையின் இரண்டாம் பதிப்பில், தரவு வட்டிற் பதிந்த பின்னரே 'பெற்றுக்கொண்டேன்' என்று சேவையகம் விடை கூறுதல் வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். எனவே சிறு எழுத்துகள் பல நிகழுமிடத்துத் தாமதம் தவிர்க்க முடியாதது. 1995 இல் வெளியிடப்பட்ட மூன்றாம் பதிப்பு, பல எழுத்துகளைச் சேர்த்துப் பின்னர் ஒருங்கே உறுதிப்படுத்தும் வழியைத் தந்து இதனை ஓரளவு தணித்தது. ஆயினும் சேவையகத்தின் ஏற்றுமதிப் பட்டியலில் 'சிங்க்' என்பதை 'ஏசிங்க்' என மாற்றினால் வேகம் பன்மடங்காகும் என்ற ஆலோசனை இன்றும் வழங்கப்படுகின்றது. வேகம் கூடுவது உண்மை. ஆனால் அவ்வேகம் பொய்யொன்றின் மீது எழுப்பப்பட்டது. தரவு இன்னும் நினைவகத்தில் இருக்கையிலேயே 'பதிந்துவிட்டேன்' என்று சேவையகம் கூறுகின்றது. அக்கணத்தில் மின்சாரம் தடைப்படின், அனுப்பிய கணினி பத்திரமாக உள்ளதென நம்பும் பக்கங்கள் எங்கும் இரா. இழப்பு நிகழ்ந்தமைகூட உடனே தெரியவராது.

மீண்டும் உருவாக்கக்கூடிய தற்காலிகக் கோப்புகளுக்கு இது ஏற்கத்தக்கதாகலாம். வேறு படியில்லாத ஆவணங்களுக்கு ஒருபோதும் ஆகாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது வேறெங்கும் படியில்லாத சுவடிகளையும் நூல்களையும் இழந்த சமூகத்துக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை. பாதுகாப்பைக் கைவிடாது வேகம் பெறவும் வழியுண்டு. மின்தடையைத் தாங்கும் நினைவகம் பொருந்திய கருவியையோ, மின்னிழப்புப் பாதுகாப்புடைய திண்ம வட்டினையோ எழுத்துகளுக்கென அமைத்தல் அவ்வழி. அளந்து பார்த்த பின்னர் புதிய கருவி உண்மையாகவே தேவைப்படும் இடம் இதுவாகவே இருத்தல் கூடும்.

தொகுத்து நோக்குமிடத்து, தாமதம் என்பது ஒரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறியே. வட்டு, வலையமைப்பு, பகிர்வு முறை என்பவற்றைத் தனித்தனியே அளந்து, காத்திருப்பையும் அகலத்தையும் வேறுபடுத்தி, மரபாக வந்த அமைப்புகளை அவற்றின் காலத்தோடு பொருத்தி ஆராய்வோமாயின், பெரும்பாலான காரணங்கள் பணச்செலவின்றியே வெளிப்படும். இதற்கு வேண்டிய கருவிகள் யாவும் இலவசமாகக் கிடைப்பன. மூலநிரலோடு பொதுவில் வைக்கப்பட்டிருப்பன. கருவிகளை விற்போரின் கூற்றையே அறிவாகக் கொள்ளாது, தம் பொறுப்பிலுள்ள ஆவணங்களின் நிலையைத் தாமே அளந்தறியும் ஆற்றலை ஆய்வாளர்கள் பெற்றுக்கொள்ளல் வேண்டும். ஆவணக் காப்பின் எதிர்காலம் பெரிதும் அதனையே சார்ந்துள்ளது.