நீர் வடிந்தால் அமிலம் ஊறும்!

தென்காசிப் பக்கம் ஏதாவதொரு குளத்தின் அடியிலிருந்து ஒரு பிடி கருஞ்சேற்றை எடுத்துத் தட்டில் பரப்பி வையுங்கள். சில மணி நேரத்தில் அதன் கருமை மங்கிப் பழுப்பேறுவதைக் காணலாம். காரணம் என்ன? இரும்பும் கந்தகமும் கூடிய ஒரு சேர்மமே சேற்றுக்குக் கருமை தருகிறது. காற்றுப் பட்டதும் அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து துருவாக மாறுகிறது.

இத்தகைய வினை வயல் வயலாக நடக்கும் இடம் ஒன்று மலைக்கு அப்பால் இருக்கிறது. குற்றாலத்துக்குச் சாரல் தரும் அதே பருவமழை, மலையின் மேற்கே அச்சன்கோவில் ஆறாகப் பாய்கிறது. அந்த ஆறு பம்பையோடு கலந்து கேரளத்தின் குட்டநாட்டை அடைகிறது. அங்கே கடல் மட்டத்துக்கும் தாழ்வான 'கரி' நிலங்கள் உள்ளன. பழங்காலத்தில் புதைந்த மரங்களும் தழைகளும் நீருக்கடியில் முழுதும் மட்காமல் கிடப்பதால் மண் கறுத்திருக்கிறது. இவ்வாறு அரைகுறையாக மட்கிய தாவரப் பொருளுக்குப் 'பீட்' என்று பெயர்.

ஏன் மட்கவில்லை?

காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே ஆக்சிஜன் நீரில் பரவும். ஆகவே நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் பற்றாக்குறை. அங்குள்ள சில பாக்டீரியாக்கள், கடல்நீர் கொண்டுவந்த சல்பேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்தி வாழ்கின்றன. மிஞ்சும் சல்பைடு இரும்போடு சேர்ந்து 'பைரைட்' ஆகிறது. நீருக்கடியில் இருக்கும்வரை பைரைட்டால் தீங்கில்லை.

நீரை வடித்தால்?

வடிகால் வெட்டி நீரை இறைத்தால், மண் வெடித்துக் காற்று உள்ளே நுழைகிறது. பைரைட் ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிந்து கந்தக அமிலத்தைத் தருகிறது! மண்ணின் பி.எச். 4-க்கும் கீழே இறங்கிவிடும். நடுநிலையான பி.எச். 7-உடன் ஒப்பிட்டால், பி.எச். 4 என்பது 1,000 மடங்கு அதிக அமிலத்தன்மை. அப்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து நெல்லின் வேர்களைத் தாக்குகிறது.

பீட்டும் சும்மா இருப்பதில்லை. காற்றுப் பட்டு மட்கி, கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது, நிலம் அமிழ்கிறது. இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற பீட் நிலத்தில், 1851-இல் தலை மட்டும் தெரியும்படி ஓர் இரும்புக் கம்பத்தை நட்டார்கள். நீர் வடிக்கப்பட்ட பின் நிலம் அமிழ்ந்து, இன்று அது சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது.

குட்டநாட்டு உழவர்கள் சுண்ணாம்பு இட்டு அமிலத்தைத் தணிக்கிறார்கள்; நீரைத் தேக்கி, அமிலத்தைக் கழுவி வெளியேற்றுகிறார்கள். ஆனால் அடியிலுள்ள பைரைட்டைச் சுண்ணாம்பு அகற்றாது. அந்த மண்ணை ஈரம் காயாமல் காப்பதே முதல் மருந்து. 'வீணாய்க் கிடக்கும் சதுப்பு' என்று ஒரு நிலத்தை வடிக்கப் புறப்படுமுன், அதன் அடியில் என்ன உறங்குகிறது என்று சோதித்தறிய வேண்டுமல்லவா?